ஆன்கா சோதனையும் சிறுநீர்ப் படிவும்: சிறுகுழாய் அழற்சியைக் கண்டறிவதில் ஆய்வகத்தின் பங்கு

உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் இரத்தக்குழாய்களின் சுவரையே தாக்கிப் புண்ணாக்கும் நோய்கள் பலவற்றை மருத்துவ நூல்கள் வாஸ்குலைட்டிஸ், அதாவது இரத்தக்குழாய் அழற்சி, என்ற பொதுப் பெயரில் தொகுத்துக் கூறுகின்றன. பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் தாக்கும் டகாயாசு நோயும், குழந்தைகளின் இதயத் தமனிகளைப் பாதிக்கும் கவாசாகி நோயும் இத்தொகுப்பைச் சேர்ந்தவையே. எனினும் ஆய்வகச் சோதனைகளின் வலிமையும் வரம்பும் மிகத் தெளிவாகப் புலப்படுவது, தந்துகிகளையும் அவற்றை அடுத்த மிகச்சிறிய தமனிகளையும் சிரைகளையும் தாக்கும் மூன்று நோய்களில்தான். சேப்பல் ஹில் நகரில் கூடிய வல்லுநர் குழு 1994-இல் வகுத்து 2012-இல் திருத்திய பெயர்முறைப்படி அவை கிரானுலோமாவுடன் கூடிய பாலிஆஞ்சியைட்டிஸ் (ஜி.பி.ஏ.), நுண்குழாய்ப் பாலிஆஞ்சியைட்டிஸ் (எம்.பி.ஏ.), ஈசினோஃபில் மிகுந்த கிரானுலோமாப் பாலிஆஞ்சியைட்டிஸ் (இ.ஜி.பி.ஏ.) என்பனவாகும். கிரானுலோமா என்பது அழற்சி அணுக்கள் திரண்டு திசுவுக்குள் உண்டாக்கும் முடிச்சு. ஜெர்மானிய நோய்க்குறியியலாளர் ஃபிரெட்ரிக் வெகனர் 1936, 1939 ஆகிய ஆண்டுகளில் விவரித்த ஜி.பி.ஏ. நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கிவந்தது. நாஜிக் கட்சியுடன் அவருக்கிருந்த தொடர்பு வெளிப்பட்டபின், 2011-இல் அப்பெயர் கைவிடப்பட்டது.

இந்நோய்கள் ஓர் உறுப்போடு நிற்பதில்லை. ஆறாத மூக்கடைப்பும் மூக்கிலிருந்து இரத்தக் கசிவும் உள்ளவர் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும், இருமலில் இரத்தம் வருபவர் நெஞ்சக நோய் மருத்துவரிடமும், மூட்டு வலியும் காய்ச்சலும் கொண்டவர் பொது மருத்துவரிடமும் செல்கின்றனர். ஒரே நோய் மூன்று இடங்களில் மூன்று பெயர்களோடு நடமாடுவது இதனால்தான். காலம் கடத்துவதன் விலையோ பெரிது. இன்றைய சிகிச்சைகள் வருவதற்கு முன்பிருந்த நிலையை, ஜி.பி.ஏ. பற்றி வால்டன் 1958-இல் வெளியிட்ட தொகுப்பு காட்டுகிறது: நோய் தொடங்கியபின் சராசரி ஆயுள் ஐந்து மாதமே, நோயுற்றவர்களுள் 82 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் இறந்தனர். ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்பமைடும், பின்னர் ரிட்டுக்சிமேப்பும் இந்நிலையை அடியோடு மாற்றிவிட்டன. ஆயினும் இம்மருந்துகள் அனைத்தும் நோயெதிர்ப்பை ஒடுக்கியே வேலை செய்பவை. காசநோயையோ இதய வால்வுத் தொற்றையோ வாஸ்குலைட்டிஸ் என்று தவறாகக் கொண்டு இவற்றைக் கொடுத்தால் நோயாளி மருந்தாலேயே மடிய நேரும். ஆகவே இந்நோயில் ஆய்வகத்தின் மீது இரட்டைக் கடமை விழுகிறது: நோய் இருப்பதை விரைந்து காட்டவேண்டும், அதே நோயின் சாயலில் வரும் பிறவற்றை விலக்கவும் வேண்டும். முதற்கடமைக்குக் கிடைத்திருக்கும் கவனத்தில் பாதியேனும் இரண்டாவதற்குக் கிடைத்திருப்பதாகச் சொல்ல முடியாது.

வழக்கமாக முதலில் கேட்கப்படும் இரத்தப் பரிசோதனைகள் அழற்சி இருக்கிறது என்பதைச் சொல்லும். அது எதனால் வந்தது என்பதைச் சொல்லா. செங்குத்தாக நிறுத்திய குழாயில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கீழிறங்குகின்றன என்பதை அளக்கும் ஈ.எஸ்.ஆர்., இரத்தசோகையிலும் முதுமையிலும் கர்ப்பத்திலும்கூட உயரும். கல்லீரல் சுரக்கும் சி.ஆர்.பி. என்ற புரதம் அதைவிட விரைவாக ஏறி இறங்குவதால் நோயின் போக்கைப் பின்தொடர உதவினாலும், நிமோனியாவையும் வாஸ்குலைட்டிசையும் அது வேறுபடுத்திக் காட்டாது. முழு இரத்த அணு எண்ணிக்கையில் நியூட்ரோஃபில் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் மிகுந்து, சிவப்பணுக்களின் அளவு மாறாமலேயே ஹீமோகுளோபின் குறைந்திருப்பது இந்நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படுவது. ஆனால் நீடித்த எந்த அழற்சியிலும் அதே தோற்றம் உண்டு. இரு செய்திகளை மட்டும் தனித்துக் குறிக்கவேண்டும். வெளியே இரத்தப்போக்கு எதுவும் இன்றி ஓரிரு நாளில் ஹீமோகுளோபின் சரிந்தால் அது நுரையீரலின் காற்றுப்பைகளுக்குள் இரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். ஈசினோஃபில்கள் மிகுந்திருந்தால் இ.ஜி.பி.ஏ.வை நினைக்கவேண்டும், அதை நினைப்பதில் உள்ள இடர் பின்னர் வருகிறது.

இரத்தத்தைவிடச் சிறுநீரே பல நேரங்களில் முதலில் உண்மையைச் சொல்கிறது என்பதும், அந்தச் சோதனையே மிக அலட்சியமாகச் செய்யப்படுகிறது என்பதும் இத்துறையின் வருந்தத்தக்க முரண். சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் தந்துகி முடிச்சான கிளோமருலஸ் அழற்சியால் கிழியும்போது நோயாளிக்கு வலி இராது. சிறுநீரின் அளவும் நிறமும்கூடத் தொடக்கத்தில் மாறாமல் இருக்கலாம். இரத்தக் கிரியேட்டினின் உயர்வதற்குள் கிளோமருலஸ்களுள் பெரும்பகுதி சேதமடைந்திருக்கும். வேதிப் பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் எளிய சோதனை இரத்தமும் புரதமும் கசிவதை நொடிகளில் காட்டிவிடும். அப்பட்டை ஹீமோகுளோபினின் வேதிவினையை மட்டுமே உணர்வது. தசை சிதைந்து வெளிவரும் மயோகுளோபினுக்கும் அது நிறம் மாறும். மாதவிலக்குக் குருதி கலந்தாலும் மாறும். எனவே பட்டை நிறம் மாறியபின் நுண்ணோக்கிதான் பேசவேண்டும்.

அந்த நுண்ணோக்கிச் சோதனை கவனமாகச் செய்யப்படும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். புதிதாகக் கழித்த சிறுநீர் குழாயில் எடுக்கப்பட்டு, மிதமான வேகத்தில் ஐந்து நிமிடம் சுழற்றப்பட்டு, மேல்நீர் வடிக்கப்பட்டபின் அடியில் தங்கும் படிவின் ஒரு துளி கண்ணாடித் தகட்டில் வைக்கப்படுகிறது. ஒளியைக் குறைத்து, குறைந்த பெருக்கத்தில், மூடுகண்ணாடியின் ஓரங்களை முதலில் தேடவேண்டும். சிறுநீர் வார்ப்புகள் ஓரத்துக்கு ஒதுங்கும் இயல்புடையவை. வார்ப்பு என்பது சிறுநீரக நுண்குழலுக்குள் யூரோமோடுலின் என்ற புரதம் உறைந்து, அக்குழலின் வடிவத்தையே எடுத்து வெளிவரும் உருளை. அதற்குள் சிவப்பணுக்கள் அடைபட்டிருந்தால் இரத்தம் சிறுநீர்ப்பையிலோ கல்லிலோ அல்லாமல் சிறுநீரகத்துக்குள்ளேயே கசிந்தது என்பது உறுதி. தனித்து மிதக்கும் சிவப்பணுக்களும் சான்று சொல்லும்: கிழிந்த கிளோமருலஸ் வழியே நெருக்குண்டு வந்தவை வடிவம் சிதைந்து, வளையத்தின் ஓரத்தில் கொப்புளங்கள் துருத்தி நிற்கும். அக்கேந்தோசைட் எனப்படும் இவ்வடிவம் சிவப்பணுக்களுள் ஐந்து விழுக்காட்டைத் தாண்டினால் கிளோமருலஸ் அழற்சியின் வலுவான அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது. இவ்வளவும் நொய்ந்த சான்றுகள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறை வெப்பத்தில் கிடந்தால் வார்ப்புகள் உடைந்தும் அணுக்கள் கரைந்தும் போகும். காலையில் சேகரித்து மாலையில் பார்க்கப்படும் மாதிரியில் அவை இல்லாமல் போவது இயல்பு. தானியங்கிக் கருவி தரும் அறிக்கையில் 'சிவப்பணுக்கள் 20–25' என்ற எண் மட்டும் அச்சாகி, வடிவம் பற்றி ஒரு சொல்லும் இல்லையெனில் மருத்துவர் அம்மாதிரியை மீண்டும் கேட்டுத் தாமே பார்ப்பதுதான் முறை. விலையுயர்ந்த எதிர்ப்பொருள் சோதனை முடிவு வர நாட்கள் ஆகும் ஊர்களில், இந்தச் சோதனையே சிகிச்சையின் அவசரத்தைத் தீர்மானிக்கிறது.

இந்நோய்களின் ஆய்வக வரலாற்றைத் திருப்பிய கண்டுபிடிப்பு ஆன்கா எனப்படும் நியூட்ரோஃபில் சைட்டோபிளாச எதிர்ப்பொருள். கிருமிகளை அழிக்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபிலின் உட்பொருள்களையே எதிரியாகக் கொண்டு உடல் சுரக்கும் எதிர்ப்பொருள் இது. 1982-இல் ஆஸ்திரேலியாவில் டேவிஸ் குழுவினர் கிளோமருலஸ் அழற்சியுற்ற எட்டு நோயாளிகளின் சீரத்தில் இதை முதலில் கண்டனர். எனினும் கொசுவால் பரவும் ராஸ் ரிவர் வைரஸே காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் எண்ணியதால் கண்டுபிடிப்பின் முழு வீச்சு அப்போது வெளிப்படவில்லை. 1985-இல் வான் டெர் வூடே முதலியோர் டச்சு, டேனிஷ் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு இந்த எதிர்ப்பொருளை வெகனர் நோயோடு நேரடியாக இணைத்தது. 1988-இல் ஃபால்க், ஜென்னெட் இருவரும் எதிர்ப்பொருளின் இலக்குகளுள் ஒன்று மயலோபெராக்சிடேஸ் (எம்.பி.ஓ.) என்ற நொதி என்று நிறுவினர், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மற்றோர் இலக்கு புரோட்டீனேஸ் 3 (பி.ஆர்.3) என்று தெளிவாயிற்று. இரண்டும் நியூட்ரோஃபிலின் நுண்மணிகளுக்குள் இருப்பவை. 2002-இல் எலிகளுக்கு எம்.பி.ஓ. எதிர்ப்பொருளைச் செலுத்திக் கிளோமருலஸ் அழற்சியை உண்டாக்கிக் காட்டிய சோதனைக்குப்பின், ஆன்கா நோயின் அடையாளம் மட்டுமன்று, அதை விளைவிக்கும் காரணிகளுள் ஒன்றும் ஆகும் என்ற கருத்து வலுப்பெற்றது.

தொடக்கத்தில் இச்சோதனை மறைமுக ஒளிர்வு முறையில் மட்டுமே செய்யப்பட்டது. நலமுள்ள ஒருவரின் நியூட்ரோஃபில்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி எத்தனாலால் நிலைப்படுத்தி, நோயாளியின் சீரத்தை நீர்த்து அதன்மேல் ஊற்றிக் கழுவியபின், மனித எதிர்ப்பொருளைப் பற்றிக்கொள்ளும் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, இருட்டறையில் ஒளிர்வு நுண்ணோக்கியால் பார்ப்பர். பி.ஆர்.3 எதிர்ப்பொருள் இருந்தால் அணுவின் சைட்டோபிளாசம் முழுதும் பச்சைப் பொடி தூவியதுபோல் மின்னும். பிளவுற்ற அணுக்கருவின் மடல்களுக்கு இடையே ஒளி கூடுதலாகத் தெரியும். இதுவே சி-ஆன்கா. எம்.பி.ஓ. எதிர்ப்பொருள் இருந்தாலோ ஒளி அணுக்கருவைச் சுற்றி வளையமாகத் திரளும், இது பி-ஆன்கா. வியப்புக்குரியது என்னவென்றால், இந்த இரண்டாவது தோற்றம் உண்மையில் தகடு தயாரிக்கும் முறையால் விளைவது. எம்.பி.ஓ. வலுவான நேர்மின்னூட்டம் கொண்ட புரதம். எத்தனால் நுண்மணிகளின் சவ்வைக் கரைத்ததும் அது வெளியேறி, எதிர்மின்னூட்டம் கொண்ட அணுக்கருவில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதே அணுக்களை ஃபார்மலினால் நிலைப்படுத்தினால் புரதங்கள் நகராமல் பிணைக்கப்பட, எம்.பி.ஓ. தன் இடத்திலேயே நின்று சைட்டோபிளாசம் முழுதும் ஒளிரும். இந்த நுணுக்கம் அறியாத ஆய்வகத்தில், அணுக்கருவுக்கே எதிரான எதிர்ப்பொருளைக் கொண்ட லூப்பஸ் நோயாளியின் தகடு பி-ஆன்கா என்று எளிதில் தவறாக வாசிக்கப்படும். பெருங்குடல் புண் நோயிலும், தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியிலும், பித்தநாளம் இறுகும் நோயிலும் வேறு புரதங்களுக்கு எதிராக எழும் எதிர்ப்பொருள்களும் இதே வளையத்தைத் தோற்றுவிக்கும்.

ஆகவேதான் 1999-இல் வெளியான பன்னாட்டுக் கருத்தொற்றுமை, ஒளிர்வு முறையில் முதலில் சலித்து, நேர்மறையாக வந்த மாதிரிகளை எலைசா முறையால் உறுதிசெய்யவேண்டும் என்று கூறியது. எலைசாவில் தூய பி.ஆர்.3 அல்லது எம்.பி.ஓ. புரதம் நெகிழித் தட்டின் சிறு குழிகளில் பூசப்பட்டு, அதில் ஒட்டும் எதிர்ப்பொருளின் அளவு நிறமாற்றத்தால் கணிக்கப்படுகிறது. தொடக்கக் காலத் தட்டுகளில் புரதத்தை நேரடியாகப் பூசியபோது அதன் வடிவம் சிதைந்து எதிர்ப்பொருள் அடையாளம் காணவேண்டிய பகுதி மறைந்துபோனது. பின்னர் வேறோர் எதிர்ப்பொருளால் அப்புரதத்தைப் பிடித்து நிறுத்தும் முறையும், இணைப்பு மூலக்கூறால் தாங்கி நிறுத்தும் முறையும் வந்து குறை பெரிதும் நீங்கியது. ஐரோப்பிய வாஸ்குலைட்டிஸ் ஆய்வுக் குழு பல மையங்களில் நடத்திய ஒப்பீட்டில், ஒரே மாதிரியை வெவ்வேறு ஆய்வகங்கள் ஒளிர்வு முறையில் பார்த்தபோது முடிவுகள் வெகுவாக வேறுபட்டதும், புதிய எலைசா வகைகள் தனித்தே சிறப்பாகச் செயல்பட்டதும் புலனாயின. அதன் விளைவாக 2017-இல் திருத்தப்பட்ட கருத்தொற்றுமை வரிசையை மாற்றியது: தரமான பி.ஆர்.3, எம்.பி.ஓ. சோதனைகளே முதற்சோதனையாக அமையலாம். ஒளிர்வு முறை கட்டாயமில்லை. இன்றும் 'பி-ஆன்கா நேர்மறை' என்ற ஒற்றை வரியோடு அறிக்கை தரும் ஆய்வகங்கள் உள்ளன. எந்தப் புரதத்துக்கு எதிரானது, எவ்வளவு என்ற விவரங்கள் இல்லாத அவ்வரியை வைத்துச் சிகிச்சை தொடங்குவது ஏற்கத்தக்கதன்று.

அளவும் இங்கே முக்கியமானது. எல்லைக்கோட்டைச் சற்றே தாண்டிய எண்ணும் அதைப் பன்மடங்கு தாண்டிய எண்ணும் அறிக்கையில் ஒரே 'நேர்மறை' என்ற சொல்லால் குறிக்கப்பட்டாலும் அவற்றின் சான்றெடை வேறு. மிக உயர்ந்த அளவில் நோய் இருப்பதற்கான வாய்ப்பு பலமடங்கு கூடுகிறது. அதேவேளையில் ஒரு நிறுவனத்தின் கருவி காட்டும் அலகை மற்றொன்றின் அலகோடு ஒப்பிட முடியாது. பொது அளவுகோலாக மேற்கோள் சீரங்கள் உருவாக்கப்பட்டிருந்தும் எண்கள் இன்னும் முழுமையாக ஒன்றுபடவில்லை. பி.ஆர்.3, எம்.பி.ஓ. இரண்டுமே நேர்மறையாக வருவது உண்மையான நோயில் அரிது. அவ்வாறு வந்தால் மருந்துகளால் தூண்டப்பட்ட நோயை முதலில் ஐயுறவேண்டும்.

சோதனை எவ்வளவு சிறந்ததாயினும் அது யாருக்குச் செய்யப்படுகிறது என்பதே முடிவின் பொருளைத் தீர்மானிக்கிறது. கணக்குக்காக, நோயுள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாகக் காட்டி, நோயற்றவர்களில் 5 விழுக்காட்டினரைத் தவறாக நேர்மறை என்று காட்டும் ஒரு சோதனையை எடுத்துக்கொள்ளலாம். காய்ச்சல், மூட்டு வலி, களைப்பு என்று வந்த ஆயிரம் பேருக்கு இதைச் செய்து, அவர்களுள் பத்துப் பேருக்கே உண்மையில் நோய் இருந்தால், நேர்மறையாக வருபவர்கள் ஏறத்தாழ 59 பேர். அவர்களில் நோயாளிகள் ஒன்பதின்மர் மட்டுமே. அதே சோதனையை, நுரையீரலில் இரத்தக் கசிவும் சிறுநீரில் சிவப்பணு வார்ப்பும் கொண்ட, பாதிப்பேருக்கு நோய் இருக்கக்கூடிய ஆயிரம் பேருக்குச் செய்தால் நேர்மறையாகும் 475 பேரில் 450 பேர் உண்மை நோயாளிகள். தட்டும் வேதிப்பொருளும் மாறவில்லை, மாறியது கேள்வி. விரைந்து முற்றும் கிளோமருலஸ் அழற்சி, நுரையீரல் இரத்தக் கசிவு, பல நுரையீரல் முடிச்சுகள், மூக்கின் நடுச்சுவரை அரிக்கும் நாள்பட்ட நோய், குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழல் சுருங்குதல், தனித்தனி நரம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழத்தல், கண்ணின் வெள்விழி அழற்சி போன்ற நிலைகளில் மட்டுமே ஆன்காவைக் கேட்கவேண்டும் என்று கருத்தொற்றுமை ஆவணங்கள் பட்டியலிட்டது இதன் பொருட்டே. ஆய்வகங்கள் பலவற்றை ஒன்றாகக் கட்டி விற்கும் 'தன்னெதிர்ப்புத் தொகுப்பு'களில் ஆன்காவும் இடம்பெறுவது, தேவையற்ற நேர்மறைகளை உற்பத்தி செய்து நோயாளிகளை அச்சத்தில் ஆழ்த்தும் வழக்கமாகிவிட்டது.

நோயின் சாயலில் வரும் பிற நோய்களுள் முதலில் நிற்பது இதய வால்வுத் தொற்று. வாரக்கணக்கில் காய்ச்சல், எடையிழப்பு, தோலில் இரத்தப் புள்ளிகள், சிறுநீரில் இரத்தம், உயர்ந்த சி.ஆர்.பி. ஆகியவற்றோடு பி.ஆர்.3 எதிர்ப்பொருளும் இந்நோயில் தோன்றக்கூடும் என்பது நன்கு பதிவாகியுள்ளது. எனவே ஆன்கா நேர்மறையானாலும், ஸ்டீராய்டுக்கு முன், நுண்ணுயிர்க்கொல்லி எதுவும் கொடுக்கப்படாத நிலையில் வெவ்வேறு இடங்களிலிருந்து இரத்தம் எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவதும் இதய எதிரொலிப் படம் எடுப்பதும் தவிர்க்கக்கூடாதவை. நிரப்பிப் புரதங்களான சி3, சி4 ஆகியவற்றின் அளவும் இங்கே துணைசெய்யும். லூப்பஸிலும், இதய வால்வுத் தொற்றால் வரும் சிறுநீரக அழற்சியிலும் அவை குறைவது வழக்கம்; ஆன்கா நோய்களில் அவை பெரும்பாலும் இயல்பாகவோ உயர்ந்தோ இருக்கும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் இதைவிடக் கடினமான கேள்வியை எழுப்புவது காசநோய். ஜி.பி.ஏ.வும் நுரையீரலில் குழிகளை உண்டாக்கும், இருமலில் இரத்தம் வரச்செய்யும், இரவில் வியர்க்கவைக்கும், எடையைக் குறைக்கும். திசு ஆய்விலும் இரண்டுமே சிதைவோடு கூடிய கிரானுலோமாவைக் காட்டும். சளியில் கிருமி காணப்படாமலேயே காசநோய் மருந்து தொடங்கப்பட்டு, மாதங்கள் கழிந்து சிறுநீரகம் செயலிழந்தபின் உண்மை நோய் வெளிப்பட்டதாகப் பதிவான நிகழ்வுகள் இந்திய மருத்துவ இதழ்களில் பல. மறுதலையும் உண்மை: காசநோயாளிகளிடம் ஆன்கா நேர்மறையாக வருவதுண்டு, ஆகவே எதிர்ப்பொருளைக் கண்டு காசநோயை மறுப்பதும் பிழையே. சளியை நிறமேற்றிப் பார்ப்பதோடு நில்லாமல், மரபணு வழியே கிருமியைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையும் வளர்ப்புச் சோதனையும் செய்து, திசு ஆய்வு மாதிரியின் ஒரு துண்டை ஃபார்மலினில் போடாமல் நுண்ணுயிர் ஆய்வகத்துக்கு அனுப்புவதே பாதுகாப்பான வழி. முழுத் திசுவும் ஃபார்மலினுக்குப் போய்விட்டால் வளர்ப்புச் சோதனைக்கான வாய்ப்பு அத்தோடு முடிகிறது. அறுவை அரங்கில் ஒரு நிமிடக் கவனக்குறைவால் நேரும் இந்த இழப்பைப் பின்னர் எந்தச் சோதனையாலும் ஈடுகட்ட இயலாது.

ஈசினோஃபில் பெருக்கத்திலும் இந்நிலத்துக்கே உரிய எச்சரிக்கை உண்டு. ஆஸ்துமாவும் இரத்தத்தில் மிகுந்த ஈசினோஃபில்களும் சேர்ந்த நோயாளியை மேலை நாட்டு நூல்களைப் படித்தவர் உடனே இ.ஜி.பி.ஏ. என்று எண்ணக்கூடும். ஆனால் யானைக்கால் புழுவின் நுண்புழுக்களுக்கு எதிரான மிகைவினையால் வரும் வெப்பமண்டல நுரையீரல் ஈசினோஃபிலியாவும் இதே தோற்றம் கொண்டது. மதனப்பள்ளி அருகிலுள்ள ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையிலிருந்து ஃபிரிமோட்-மோல்லர், பார்ட்டன் இருவரும் 1940-இல் காசநோயைப் போலத் தோன்றும் நோயாக இதை விவரித்தனர். 1943-இல் வைங்கார்ட்டன் இதற்கு வெப்பமண்டல ஈசினோஃபிலியா என்று பெயரிட்டார். இதில் ஐ.ஜி.இ. அளவும் யானைக்கால் புழு எதிர்ப்பொருளும் மிக உயர்ந்திருக்கும். டைஈத்தைல்கார்பமசைன் மாத்திரைக்கு நோய் விரைவாகப் பணியும். மண்ணிலிருந்து தோல் வழியே நுழையும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு இன்னும் அபாயகரமானது: அது குடலில் இருப்பதை அறியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் உடலெங்கும் பரவி உயிரைப் பறிக்கும். மலத்தைத் திரும்பத் திரும்பப் பரிசோதிப்பது அழகற்ற வேலையாகத் தோன்றினாலும் ஸ்டீராய்டுக்கு முன் அதுவே காப்பு.

மருந்துகளையும் விசாரிக்கவேண்டும். தைராய்டு மிகைச் சுரப்புக்கான புரோபைல்தயோயுராசில், இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரலசின், முகப்பருவுக்கான மினோசைக்ளின் ஆகியவை உயர்ந்த அளவில் எம்.பி.ஓ. எதிர்ப்பொருளைத் தூண்டக்கூடியவை, லெவாமிசோல் கலந்த கோகெய்ன் மேலை நாடுகளில் மற்றொரு காரணம். மருந்தை நிறுத்துவதே இங்கு சிகிச்சையின் முதற்படி.

எதிர்ப்பொருள் இல்லாமையும் நோய் இல்லாமை ஆகாது. மூக்கோடும் காதோடும் நின்றுவிட்ட ஜி.பி.ஏ.யில் கணிசமான பங்கினருக்கு ஆன்கா எதிர்மறையாகவே இருக்கும், இ.ஜி.பி.ஏ. நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கினருக்கே, அதுவும் பெரும்பாலும் எம்.பி.ஓ.வுக்கு எதிராக, அது காணப்படுகிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு எதிர்பாராத ஒரு விளக்கம் தந்தது: ஆன்கா எதிர்மறை எனப்பட்ட சிலரின் சீரத்தில் எம்.பி.ஓ. எதிர்ப்பொருள் இருந்தும், இரத்தத்திலுள்ள செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் துண்டு அதன்மேல் அமர்ந்து மறைத்ததால் வழக்கமான சோதனை அதைக் காணத் தவறியது.

சிறுநீரகமும் நுரையீரலும் ஒருசேரத் தாக்கப்பட்டால் கிளோமருலஸின் அடிச்சவ்வுக்கு எதிரான எதிர்ப்பொருளையும் (ஜி.பி.எம். எதிர்ப்பொருள்) அன்றே கேட்கவேண்டும். அதைக் கொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கு ஆன்காவும், பெரும்பாலும் எம்.பி.ஓ. வகை, சேர்ந்திருக்கும், அவர்களுக்குப் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையில் நாட்கணக்கான தாமதமும் சிறுநீரகத்தை இழக்கச்செய்யும். தோலில் இரத்தப் புள்ளிகளோடு சி4 மட்டும் மிகக் குறைந்திருந்தால் கிரையோகுளோபுலினைத் தேடவேண்டும். குளிரில் படியும் இப்புரதத்துக்கான இரத்தம் வெதுவெதுப்பான குழாயில் எடுக்கப்பட்டு, சீரம் பிரியும்வரை 37 பாகை வெப்பத்திலேயே இருக்கவேண்டும். குளிரூட்டிய அறையின் மேசையில் ஆறவிட்டால் புரதம் உறைவோடு சேர்ந்து படிந்து, சோதனை பொய்யாக எதிர்மறை ஆகும். அதன் பின்னணியில் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் இருப்பது மிகுதி. ஹெபடைட்டிஸ் பி சோதனைக்கோ இரு பயன்கள்: நடுத்தரத் தமனிகளைத் தாக்கும் பாலிஆர்ட்டரைட்டிஸ் நோடோசாவோடு அவ்வைரசுக்குத் தொடர்புண்டு, ரிட்டுக்சிமேப் கொடுத்தபின் உறங்கிக்கிடந்த வைரஸ் மீண்டெழுந்து கல்லீரலை அழிப்பதை முன்னரே அறிந்து தடுக்கவும் அது வேண்டும்.

திசு ஆய்வே இன்னும் இறுதிச் சான்றாக மதிக்கப்படுகிறது. சிறுநீரகத் திசுவில் தந்துகிகள் சிதைந்து, பௌமன் உறைக்குள் அணுக்கள் பிறை வடிவில் குவிந்திருப்பதும், ஒளிர்வுச் சோதனையில் எதிர்ப்பொருள் படிவு மிகச் சொற்பமாக இருப்பதும் ஆன்கா நோயின் முத்திரை. 2010-இல் வெளியான வகைப்பாடு, நலமான கிளோமருலஸ்கள், பிறைகள், தழும்புற்றவை ஆகியவற்றின் விகிதத்தைக் கொண்டு சிறுநீரகத்தின் எதிர்காலத்தைக் கணிக்க வழிசெய்தது. மூக்கிலிருந்து எடுக்கும் சிறுதுண்டில் நோயின் எல்லாக் கூறுகளும் ஒருங்கே காணப்படுவது அரிது. அங்கே 'குறிப்பற்ற அழற்சி' என்று வரும் அறிக்கை நோயை மறுப்பதாகாது. நோயின் தோற்றம் பொருந்தி, பி.ஆர்.3 அல்லது எம்.பி.ஓ. தெளிவாக நேர்மறையாகி, நோயாளி விரைந்து சீர்குலைந்துவரும்போது திசு ஆய்வுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக்கூடாது என்பதை இன்றைய சிறுநீரக வழிகாட்டி நெறிகள் ஏற்கின்றன.

அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுநோய் அமைப்புகள் 2022-இல் வெளியிட்ட வகைப்படுத்தும் அளவைகளில் எதிர்ப்பொருளுக்குப் பெரும் எடை தரப்பட்டுள்ளது. ஜி.பி.ஏ. என்று வகைப்படுத்த ஐந்து புள்ளிகள் தேவை, பி.ஆர்.3 நேர்மறை ஒன்றே ஐந்து புள்ளி பெறும். எம்.பி.ஏ.வுக்கும் ஐந்தே எல்லை, எம்.பி.ஓ. நேர்மறைக்கு ஆறு புள்ளி. சிறு அல்லது நடுத்தரக் குழாய் அழற்சி என்று ஏற்கெனவே முடிவாகி, அதன் சாயல் நோய்கள் விலக்கப்பட்டபின், ஆய்வுகளுக்காக நோயாளிகளை ஒரே சீராகப் பிரிப்பதற்கே இவை வகுக்கப்பட்டன. இதை மறந்து படுக்கையருகே நோய் கண்டறியும் கருவியாக இவற்றைப் பயன்படுத்தினால், வால்வுத் தொற்றால் பி.ஆர்.3 நேர்மறையானவரும் ஐந்து புள்ளி பெற்று ஜி.பி.ஏ. நோயாளி ஆகிவிடுவார். 2012-இல் வெளியான மரபணு ஆய்வு பி.ஆர்.3 வகைக்கும் எம்.பி.ஓ. வகைக்கும் வெவ்வேறு மரபுத் தொடர்புகள் இருப்பதைக் காட்டியதிலிருந்து, நோயை உறுப்பு வாரியாக அன்றி எதிர்ப்பொருள் வாரியாகவே பெயரிடலாம் என்று வாதிடுவோரும் உள்ளனர். மறுபடி தலையெடுக்கும் வாய்ப்பு பி.ஆர்.3 வகையில் மிகுதி என்பதால் அவ்வாதத்துக்கு நடைமுறை வலுவும் உண்டு.

சிகிச்சைக்குப் பின்னர் அதே சோதனையை எத்தனை முறை செய்வது, உயர்ந்தால் என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஆன்கா அளவு மீண்டும் ஏறுவதற்கும் நோய் திரும்புவதற்கும் உள்ள தொடர்பு பொதுவில் மிதமானதே. முன்பு சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களிடமும் ரிட்டுக்சிமேப் பெற்றவர்களிடமும் அது சற்று வலுவாகக் காணப்படுகிறது. ஏறிய எண்ணை மட்டும் கொண்டு மருந்தைக் கூட்டுவதை ஐரோப்பிய நெறிகள் பரிந்துரைக்கவில்லை. அழற்சியில் ஈடுபடும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் உதிர்க்கும் சிடி163 என்ற புரதத்தைச் சிறுநீரில் அளந்து சிறுநீரக நோய் திரும்புவதை முன்கூட்டி அறியும் முறை நம்பிக்கை தருவதாயினும், பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு அது இன்னும் எட்டாதது. எனவே ஆன்கா ஏறக் கண்டால், அதே ஆய்வகத்தில் அதே முறையில் அதை மறுபடி அளந்து, நோயாளியை அடுத்த முறை வழக்கத்தைவிட முன்னதாக வரச்சொல்லி, கிரியேட்டினினுக்கு இரத்தமும், இரண்டு மணி நேரத்துக்குள் நுண்ணோக்கியின் கீழ் வைப்பதற்குப் புதிய சிறுநீரும் எடுப்பதே இப்போது கைவசமுள்ள வழி.